அரசுப் பள்ளித் தலைமையாசிரியரின் வாரக் கடிதம்: பெற்றோர் படித்துவிட்டுச் செயலில் இறங்கும்படி எழுதுவது எப்படி?

பள்ளியிலிருந்து போன் வந்தால் "என்ன பண்ணித் தொலைச்சான்?" என்று கேட்டபடியே எடுக்கும் வீடுகள் நம் ஊர்களில் நிறைய. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து பன்னிரண்டு முடிக்கும்வரை, தலைமையாசிரியர் அறையிலிருந்து அந்த வீட்டுக்குப் போவது பெரும்பாலும் இரண்டே செய்திகள்தான்: "அப்பாவைக் கூட்டிட்டு வா", "இதுல கையெழுத்து வாங்கிட்டு வா".

வாரக் கடிதம் இந்த வழக்கத்தை மாற்றத்தான். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், தலைமையாசிரியர் பெயரில் எல்லா வீடுகளுக்கும் போகும் சிறு கடிதம் இது. தனியார் பள்ளிகள் பலவற்றில் இதற்கென்றே செயலி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் வாட்ஸ்ஆப்பும் நோட்டீஸ் போர்டும் இருக்கின்றன, அவை போதும். தமிழ்நாட்டு அரசு, அரசு உதவிபெறும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களை மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் எண்களைச் சரிபாருங்கள்

கடிதம் எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. இதைத் தவிர்த்தால் பின்னால் செய்யும் எதுவும் உருப்படாது. எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கைபேசி எண் பதிவாகியிருக்கும். அது ஓ.டி.பி. வாங்குவதற்காகக் கொடுத்த எண். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு மகாராஷ்டிராவில் இருப்பார். சில வீடுகளில் அது மாமாவின் எண். பல வீடுகளில் அந்த போன் மாணவர் கையிலேயே இருக்கும். பள்ளி அனுப்பும் செய்தியில் எது அம்மாவுக்குப் போக வேண்டும், எது போகக்கூடாது என்று ஒன்பதாம் வகுப்புப் பையனே முடிவு செய்துகொள்வான்.

ஆகவே ஜூன் மாதம் பாடநூல் வழங்கும் வாரத்தில் வகுப்பாசிரியர்கள் ஒரு சிறு படிவம் கொடுக்கட்டும். நான்கு கேள்விகள் போதும். வாட்ஸ்ஆப் உள்ள எண் எது? அது பகலில் யாரிடம் இருக்கும்? அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர் உண்டா? இல்லையென்றால் எந்த மொழி பேசுகிறார்கள்? நான்காவது கேள்வி ஏதோ சம்பிரதாயத்துக்கு என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் ஒடியாவும் இந்தியும் பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம். வாணியம்பாடி, ஆம்பூரில் உருது.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளைத் தனிப் பட்டியலாக எடுத்துவையுங்கள். அவர்களுக்குக் காகிதம்தான் வழி.

எந்த வழியில் அனுப்புவது

வாட்ஸ்ஆப்பிலேயே மூன்று நான்கு வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பாதிச் சிக்கல் தீரும், அல்லது புதிதாகத் தொடங்கும்.

சாதாரணக் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். தாய்மார்களின் எண்களை முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் முன் விரித்துவைப்பது சரியில்லை. அதனால் வரும் தொல்லையை அவர்கள் நம்மிடம் வந்து சொல்லக்கூட மாட்டார்கள், குழுவை விட்டு வெளியேறிவிடுவார்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் எண் தெரியாது என்பது நல்லது. ஆனால் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதோடு உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பாதிப் பேர் சேமித்திருக்க மாட்டார்கள்.

என் தேர்வு வாட்ஸ்ஆப்பிலேயே உள்ள கம்யூனிட்டி என்ற வசதி. அதன் அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும், உறுப்பினர்களின் எண்களும் ஒருவருக்கொருவர் தெரியாது. குட் மார்னிங் ரோஜாப்பூவும் கட்சிக்காரர் பிறந்தநாள் வாழ்த்தும் அங்கே நுழைய வழியில்லை.

இன்னொன்று, உங்கள் சொந்த எண்ணில் இதைச் செய்யாதீர்கள். பள்ளிப் பெயரில் தனி சிம் வாங்கி, அலுவலகத்தில் இருக்கும் ஒரு போனில் போடுங்கள். இரவு பதினோரு மணிக்கு "சார், நாளைக்கு லீவா?" என்று வரும் செய்திகளுக்குக் காலையில் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

நாளையும் நேரத்தையும் ஊருக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள்

எல்லா ஊருக்கும் ஒரே நேரம் பொருந்தாது. பனியன் கம்பெனி ஊரில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று மாலை யாரும் பள்ளிக் கடிதம் படிக்க மாட்டார்கள். விவசாயம், நூறு நாள் வேலை என்று இருக்கும் ஊரில் இரவு ஏழரைக்கு மேல்தான் பெண்கள் கைக்கு போன் வரும். மீனவர் குப்பங்களில் கடலுக்குப் போகும் நேரத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வகுப்பாசிரியர்களிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்களிடமும் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதி இடம் பெண்களுக்கு என்று சொல்வது இந்த மாதிரி விஷயங்களுக்கும் சேர்த்துத்தான்.

முடிவு செய்த பிறகு மாற்றாதீர்கள். வெள்ளி இரவு 7.30 என்றால் பரீட்சை வாரத்திலும் 7.30தான். சொல்ல ஒன்றுமில்லாத வாரத்திலும் "இந்த வாரம் உங்களுக்கு வேலை எதுவும் இல்லை" என்று இரண்டு வரி அனுப்புங்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரு வேலை

ஒரு கடிதத்தில் பெற்றோரிடம் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, கூட்டத்துக்கு வருகை என நான்கையும் ஒரே கடிதத்தில் கேட்டால் நான்கும் நடக்காது. எது முதலில் காலாவதியாகுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை அடுத்த வாரம்.

அந்த ஒரு வேலையைச் சொல்லும்போது யாருக்கு, என்ன, எப்போது, எங்கே, கையில் எது, வர முடியாவிட்டால் என்ன வழி என்ற ஆறுக்கும் பதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் நாம் வழக்கமாக மறந்துவிடுகிறோம். ஒரு நாள் லீவ் போட்டால் ஒரு நாள் கூலி போகும் வீட்டுக்கு "நேரில் வரவும்" என்பது சின்ன வேண்டுகோள் அல்ல.

முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த நடையை அப்படியே குழுவில் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு மாதிரி பாருங்கள்:

"மேற்காண் பொருள் சார்ந்து, மாணவர்களின் ஆதார் விவரங்கள் புதுப்பித்தல் முகாம் நடைபெறவுள்ளதால், தொடர்புடைய பெற்றோர்கள் உரிய ஆவணங்களுடன் பள்ளியை அணுகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

யார் தொடர்புடையவர்? உரிய ஆவணம் எது? என்றைக்கு அணுகுவது? இதைப் படித்த அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஏதோ ஆதார் பிரச்சினை என்பது மட்டுமே. அதையே இப்படி எழுதலாம்:

"உங்கள் பிள்ளைக்கு 15 வயது முடிந்துவிட்டதா? அப்படியானால் ஆதாருக்குக் கைரேகையும் கண்ணும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். புதன்கிழமை காலை நம் பள்ளியிலேயே முகாம் நடக்கிறது. செவ்வாய் அன்று பிள்ளையிடம் ஒரு படிவம் கொடுத்து அனுப்புவோம். அதில் கையெழுத்துப் போட்டு, ஆதார் அட்டையோடு மறுநாள் கொடுத்து அனுப்புங்கள்."

இரண்டாவது கொஞ்சம் நீளம்தான். பரவாயில்லை.

ஒரு முழுக் கடிதம்

நவம்பர் வாக்கில் அனுப்பக்கூடிய கடிதம் ஒன்றை மாதிரிக்கு எழுதிக் காட்டுகிறேன்.

*அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.*
*நவம்பர் 7, வெள்ளி*

*இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது (பத்தாம் வகுப்புப் பெற்றோர் மட்டும்):*
*பொதுத்தேர்வுச் சான்றிதழில் அச்சாகப்போகும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவற்றை ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். திங்கள், செவ்வாய், புதன் (நவம்பர் 10, 11, 12) காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை வகுப்பாசிரியரிடம் பட்டியல் இருக்கும். பிறப்புச் சான்றைக் கொண்டு வாருங்கள். அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா யார் வந்தாலும் சரி. பகலில் வர முடியாதவர்கள் வியாழன் மாலை 7 மணி வரை வரலாம், நான் அறையில் இருப்பேன்.*

*மற்ற வகுப்புப் பெற்றோருக்கு இந்த வாரம் வேலை எதுவும் இல்லை.*

*தெரிந்துகொள்ள:*
*நாளை சனிக்கிழமை பள்ளி இல்லை. மழைக்காலமாக இருப்பதால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பாட்டிலில் கொடுத்து அனுப்புங்கள்.*

*இந்த வாரம் பள்ளியில்:*
*எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மழைநீர் எவ்வளவு பெய்தது என்று தாங்களே செய்த கருவியால் தினமும் அளந்து வராண்டாப் பலகையில் எழுதுகிறார்கள். பள்ளிக்கு வந்தால் பாருங்கள்.*

*சந்தேகம் இருந்தால் பள்ளி எண்ணில் மாலை 4.30 முதல் 5.30 வரை கூப்பிடுங்கள்.*
*தலைமையாசிரியர்*

பாட்டி வந்தாலும் சரி என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பெற்றோர் இருவரும் வெளியூரில் வேலை பார்க்க, பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. "பெற்றோர் நேரில் வரவும்" என்று படித்ததும் அந்தப் பாட்டி தன்னை அழைக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார். "மற்ற வகுப்புக்கு வேலை இல்லை" என்ற வரியும் வெட்டி வரி அல்ல. அதைப் பார்த்ததும் மீதிப் பெற்றோர் நிம்மதியாகிவிடுவார்கள், அடுத்த வாரக் கடிதத்தையும் திறப்பார்கள்.

பெயர்ப் பட்டியல் விஷயத்தை மாதிரிக்கு எடுத்ததும் வேண்டுமென்றுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறினால் கல்லூரிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வேலை என்று ஆயுள் முழுக்கத் துரத்தும். பட்டியலில் பார்த்துத் திருத்த ஐந்து நிமிடம். சான்றிதழ் அச்சான பிறகு திருத்த வேண்டுமென்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை விண்ணப்பம் போக வேண்டும்.

பள்ளியில் நடந்ததைச் சொல்லும் பகுதியில் ஒன்றே ஒன்று, அதுவும் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். "பள்ளியின் ஒட்டுமொத்த வளர்ச்சிக்காக ஆசிரியர்கள் அயராது உழைத்து வருகிறார்கள்" என்று எழுதினால் ஆண்டு விழா அறிக்கை வாசனை வந்துவிடும்.

எழுத்தாகவும் குரலாகவும்

லெட்டர்பேடில் டைப் செய்து, முத்திரை குத்தி, போட்டோ எடுத்துப் போடுவது வேண்டாம். பி.டி.எப்.பும் வேண்டாம். சாதாரண எழுத்தாகவே அனுப்புங்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், நெட் மெதுவாக இருக்கும் போனிலும் எப்படியாவது வந்து சேரும், தேதியைத் தேடினால் கிடைக்கும்.

அதன் கீழேயே அதே கடிதத்தை உங்கள் குரலில் பேசி அனுப்புங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளைதான் இதுவரை எல்லாவற்றையும் படித்துச் சொல்லியிருக்கும். இனி நேராகவே கேட்டுக்கொள்வார். பேசும்போது மேடைத் தமிழ் வேண்டாம். கேட் பக்கத்தில் நின்று ஒருவரிடம் சொல்வதுபோல் "பத்தாவது பசங்களோட அம்மா அப்பாவுக்கு மட்டும் ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால் போதும். தேதியை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள். வேறு மொழிக் குடும்பங்களுக்கு அந்த மொழி பேசும் பிளஸ் ஒன் மாணவர் ஒருவரைப் பேசவைத்து அனுப்பலாம், அந்தப் பிள்ளைக்கும் பெருமையாக இருக்கும். பேசுவதற்கு முன் தேதியும் பொருளும் சரியாகச் சொல்லப்படுகின்றனவா என்று தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் இல்லாத வீடுகளுக்கு அரைப் பக்கப் பிரிண்ட், மாணவர் கையில். ஒரு பிரதி பள்ளி கேட்டில். ரேஷன் கடைக்காரர் சம்மதித்தால் அங்கே ஒன்று.

குழுவில் ஒருபோதும் போடக்கூடாதவை

மதிப்பெண் பட்டியல், ஆப்சென்ட் ஆனவர்கள் பெயர், முடிவெட்டாமல் வந்தவன் படம், சண்டை போட்டவர்கள் விவரம், உதவித்தொகைக்காகக் கேட்ட சாதி, வருமான விவரங்கள். ஒரு பிள்ளையைப் பற்றிய குறை அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் உரியது. அது வகுப்பாசிரியர் போனில் பேச வேண்டியது.

புகைப்பட விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே கணக்கிடுகிறது, அவர்கள் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பிளஸ் டூ மாணவர்களில் பெரும்பாலோர் இதில் வருவார்கள். ஜூன் மாதப் படிவத்திலேயே "பிள்ளையின் படத்தைப் பள்ளிக் குழுவில் பகிரலாமா?" என்று ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். முகம் தெரியாமல் கைகளையும் பலகையையும் மட்டும் எடுத்த படமே பல சமயம் நன்றாக இருக்கிறது.

பணம் கேட்கும் வரியை எழுதுமுன் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். நாம் "விருப்பமுள்ளவர்கள்" என்று எழுதுவது வீட்டில் "கட்ட வேண்டும்" என்றுதான் படிக்கப்படும்.

சங்கடமான செய்தி வரும் வாரம்

மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார். டி.வி. ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் குழுவில் போட்டுவிட்டால் திரும்ப அள்ள முடியாது. ஆட்சியர் அலுவலக அறிவிப்பைப் பார்த்த பிறகே ஒரு வரி. இதற்கு வாரக் கடிதம்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மஞ்சள் காமாலை, அம்மை, டெங்கு என்று வந்தால் எந்த வகுப்பு, பள்ளி என்ன செய்திருக்கிறது, வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது பிள்ளையை அனுப்பாமல் இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்துங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம்.

மாணவர் ஒருவர் இறந்துவிட்டால் முதலில் அந்தக் குடும்பத்திடம் பேசி, என்ன சொல்லலாம் என்று கேட்டுக்கொண்டு, மூன்று வரிக்கு மேல் போகாமல் எழுதுங்கள். காரணத்தைப் பற்றி ஊகம் கூடாது. அன்று கடிதத்தில் வேறு எதுவும் இருக்கக்கூடாது, குரல் பதிவும் வேண்டாம்.

பாலியல் புகார் என்றால் வாரக் கடிதத்துக்கு அங்கே வேலையே இல்லை. போக்சோ சட்டப்படி (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம், குழந்தையை அடையாளம் காட்டும் எதுவும் வெளியே போகக்கூடாது. ஊரில் வதந்தி கிளம்பி, பெற்றோர் கேட் முன்னால் நின்றாலும் "உரிய இடத்தில் தகவல் தரப்பட்டுள்ளது, பிள்ளைகள் பாதுகாப்பாக இருக்கிறார்கள்" என்பதற்கு மேல் எழுத்தில் தராதீர்கள். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) என்ற இரண்டையும் அந்த நேரத்துக்குக் காத்திராமல் மாதம் ஒருமுறை கடிதத்தின் அடியில் போட்டுவாருங்கள்.

வருடம் முழுக்க எதை எப்போது

கடிதத்துக்கு விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. பள்ளி நாட்காட்டியை வைத்துக்கொண்டு மே மாதமே ஒரு பட்டியல் போட்டுவிடலாம். ஜூனில் பஸ் பாஸ், பாடநூல். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முன்வாரம் அட்டவணை. எட்டாம் வகுப்புக்குத் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு (என்.எம்.எம்.எஸ்.): பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்கு மேற்படாமல் இருந்து, பிள்ளை தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இதைக் கடைசித் தேதிக்கு முந்தின நாள் சொல்லிப் பயனில்லை. வருமானச் சான்று கைக்கு வரவே நாளாகும். அதை எடுக்கச் சொல்லும் கடிதம் ஒரு மாதம் முன்னாலேயே போக வேண்டும்.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு மட்டும் 25 மதிப்பெண் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. "எழுத்துப் பரீட்சைதானே முக்கியம்" என்று அன்றைக்குக் குலதெய்வம் கோயிலுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மதிப்பெண் அகமதிப்பீடு, அதில் வருகைக்கும் பங்கு உண்டு என்பதை ஜூனிலேயே சொல்லி, தீபாவளிக்குப் பிறகு இன்னொரு தடவை சொல்லுங்கள்.

வருடத்தின் மிக முக்கியமான கடிதம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், பத்தாம் வகுப்பு முடிவு வரும் சமயத்துக் கடிதத்தைச் சொல்வேன். நல்ல மதிப்பெண் வந்ததும் பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கக் கடன் வாங்கத் தயாராகும் வீடுகள் எத்தனையோ. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் எங்கே படித்தார் என்ற நிபந்தனை உண்டு. கடைசி இரண்டு வருடத்தில் தனியார் பள்ளிக்கு மாறினால் இவை போய்விடும் என்று தெரிந்து மாற்றுவது பெற்றோர் உரிமை. தெரியாமல் மாற்றினால் அது நாம் சொல்லாமல் விட்டது. "போகாதீர்கள்" என்று கெஞ்சும் தொனி இல்லாமல், கணக்கை மட்டும் எழுதுங்கள்.

வாரத்தில் எப்போது உட்கார்ந்து எழுதுவது

மேசையில் ஒரு சின்ன நோட்டு. திங்கள் முதல் கண்ணில் படுவதை ஒரு வரி குறித்துவையுங்கள். வியாழன் இடைவேளையில் ஆசிரியர்களிடம் "பெற்றோருக்குச் சொல்ல ஏதாவது இருக்கா?" என்று ஒரு கேள்வி. வெள்ளி மதியம் எழுதினால் அரை மணி நேரத்தில் முடியும். பிறகு இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் தேதி, கிழமை சரிபார்க்கும் ஆசிரியர். இன்னொருவர் சத்துணவு அமைப்பாளரோ தூய்மைப் பணியாளரோ. அவர் பிள்ளையும் நம் பள்ளியில் படித்தால் இன்னும் நல்லது. "இதைப் படிச்சா என்ன செய்யணும்னு புரியுதா?" என்று கேளுங்கள். அவர் யோசித்தால், மாற்றி எழுதுங்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற நீல டிக்கை எண்ணுவதில் அர்த்தமில்லை. திங்கள் காலை எத்தனை பேர் பிறப்புச் சான்றோடு வந்தார்கள் என்று வகுப்பாசிரியரைக் கேட்டால் கடிதம் எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். வராத வீடுகளுக்கு அவர் போன் செய்யட்டும்.

ஒவ்வொரு கடிதத்தையும் பிரிண்ட் எடுத்து ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். மாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போகும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அந்தக் கோப்பு, பள்ளி சிம், கம்யூனிட்டியின் அட்மின் உரிமை ஆகியவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, உங்கள் சொந்த எண்ணை அதிலிருந்து நீக்கிவிடுங்கள்.